மொட்டைக்குத் தெரிந்த வார்த்தை

மாடு இரண்டும் படுக்கவே இல்லை. சந்தைக்கு வந்து சேர்ந்ததிலிருந்து நின்ற மேனிக்கு அசை போடுவதும், பாதியில் அசை போடுவதை மறந்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்ப்பதுமாக இருந்தன. அண்ணன் தம்பியில் மூத்தவன் தன் மாடு துரையைப் புளியமரத்தடியில் கட்டியிருந்தான். இளையவன் தன் மாடு மொட்டையை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்கு அப்பால், சட்டி பானை விற்கிறவர்கள் பக்கம் முளை அடித்துக் கட்டியிருந்தான். நடுவில் ஊர் பேர் தெரியாதவர்களின் மாடு, எருமை, குதிரை, ஒட்டகம் எல்லாம் நின்றன. அத்தனையையும் தாண்டி இந்தப் பக்கம் துரை அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தால், அந்தப் பக்கம் மொட்டை காதைத் திருப்பிக் கயிற்றை இழுத்தது. முளை ஆடியது.

இரண்டுக்கும் நடுவில் ஓடி ஓடிச் சும்மாட்டுக்காரிக்குக் கால் ஓய்ந்துவிட்டது. அவள் மூத்தவனின் பெண்டாட்டி. செங்கல் சூளையில் கல் சுமந்து சுமந்து, சுமை இல்லாத நேரத்திலும் தலையில் சும்மாட்டுத் துணியோடு திரிகிறவள் என்பதால் சூளையில் அந்தப் பெயர். தண்ணீர் வாளியை அங்கே வைத்தாள், இங்கே வைத்தாள். வைக்கோலைப் பிரித்து இரண்டு பக்கமும் போட்டாள். துரை வைக்கோலை முகர்ந்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. "என்னைய ஏன் பாக்குற? நானா பிரிச்சேன்?" என்று கேட்டுவிட்டு மறுபடி நடந்தாள்.

ஏரி நடுவில் கிடந்தது. ஒரு கரையில் படிக்கட்டும் கோயிலும் மணியும். எதிர்க்கரையில் மணல்வெளி முழுக்கக் கால்நடை. படிக்கட்டில் குளம்பு படக்கூடாது, மணலில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. ஒரு காற்றடித்தால் சாம்பிராணி, மறுகாற்றடித்தால் சாணம். ஒலிபெருக்கியில் ஒருத்தன் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். பச்சைச் சேலை கட்டிய அம்மாளைக் காணவில்லை என்றான், பிறகு நெற்றியில் வெள்ளை விழுந்த கிடாரியைக் காணவில்லை என்றான். குரலில் வித்தியாசம் எதுவும் இல்லை. கண்டவர்கள் கோயில் வாசலில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம்.

அவள் எதற்கென்று தெரியாமல் கயிற்றுக் கடையில் போய் நின்றாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. நீளமாக ஒரு கொடிக்கயிறு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூத்தவன் பார்த்துவிட்டு, வந்த இடத்தில் என்ன கயிறு, வாங்குகிறவன் அல்லவா கயிறு கொண்டுவருவான் என்றான். துணி காயப்போட என்றாள். அந்தச் சந்தையில் அதுதான் வழக்கம். விற்கிறவன் தன் கயிற்றை மாட்டின் கழுத்திலிருந்து அவிழ்த்துக்கொள்வான், வாங்குகிறவன் தன் கயிற்றைக் கட்டுவான். கட்டியவன் மாடு. அதற்குப் பிறகு அப்பனே வந்து கேட்டாலும் பேச்சு கிடையாது.

இந்த இரண்டு மாடும் சூளையிலிருந்து செங்கல் இழுத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. துரை இடப்பக்கத்து மாடு. கொஞ்சம் பகட்டு, சேற்றில் கால் வைக்க யோசிக்கும். மொட்டை வலப்பக்கம். ஒரு கொம்பு சின்ன வயதிலேயே முறிந்துபோனது. மூத்தவன் வண்டியில் உட்கார்ந்து கயிறு பிடிப்பான். இளையவன் வலது சக்கரத்தை ஒட்டி நடந்து வருவான். துரைக்கு "வா ராசா, வா" என்று சொன்னால் போதும். மொட்டை அப்படிக் கேட்காது. சமதரையில் பூனை மாதிரி வரும். மேடு கண்டால் நின்றுவிடும். அந்த நேரத்தில் இளையவன் ஒரு வார்த்தை சொல்லுவான். பெற்றவளையும் பிறப்பையும் சேர்த்து இழுக்கிற வார்த்தை. மீசை முளைக்காத வயதில் சூளையில் லோடு ஏற்றுகிறவர்களிடம் பொறுக்கியது. அதைக் கேட்டதும் மொட்டை குனிந்து ஒரு மூச்சு விட்டுவிட்டு மலையானாலும் ஏறிவிடும். மேடு தோறும் அந்த வார்த்தை விழுந்து விழுந்து, மொட்டைக்கு மேடு என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. முதலில் மூத்தவன் கண்டித்துப் பார்த்தான். வண்டி ஏறுகிறதே என்று பிறகு விட்டுவிட்டான்.

மழை பெய்த ஒரு நாள் சூளை மேட்டில் சக்கரம் புதைந்துகொண்டது. இளையவன் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டே, இந்தக் கிழட்டு மாடுகளைத் தள்ளிவிட்டு ஒரு லோடு ஆட்டோ எடுக்கலாம் என்று எத்தனை தடவை சொல்வது என்று ஆரம்பித்தான். மூத்தவன் மேலே உட்கார்ந்தபடி, உனக்கு ஆட்டோ ஓட்டத் தெரியுமா, முதலில் மூக்கைச் சிந்தத் தெரியுமா என்று கேட்டான். லோடுமேன்கள் சிரித்தார்கள். இளையவன் பக்கத்தில் மொட்டை நின்றது, அவன் வாயில் அந்த வார்த்தை இருந்தது. அது மாட்டுக்குப் போகாமல் அண்ணனுக்குப் போய்விட்டது. மூத்தவன் இறங்கி வந்து அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் ஒன்று வைத்தான்.

அதோடு சரி. பாகம் பிரித்தே ஆக வேண்டும் என்று இளையவனும் நின்றான், அவன் பெண்டாட்டியும் நின்றாள். பிரித்தார்கள். வண்டி மூத்தவனுக்கு, நுகத்தடி இளையவனுக்கு. ஆளுக்கு ஒரு மாடு. தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது, அதைக் கத்தியால் இரண்டாகக் கிழித்தார்கள். இப்போது மழைக்கு அது எதையும் மூடாது. வண்டி ஒரு வாசலில் கிடந்தது, நுகத்தடி மறு வாசலில் சாய்ந்து நின்றது. அன்றிலிருந்து இந்தச் சும்மாட்டுக்காரிதான் தலையில் கல் சுமந்து இரண்டு அடுப்புக்கும் அரிசி கொண்டுவந்தாள். ஒற்றை மாட்டை வைத்து என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள்தான் இரண்டு வாசலிலும் போய் நின்று, சந்தையில் ஜோடியாக விற்றுவிடுங்கள், ஒற்றையாகக் கொண்டுபோனால் லாரிக்குத்தான் போகும் என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிவந்தாள்.

லாரி சந்தை முனையில் நின்றது. யாரும் அதைப் பார்ப்பதில்லை, ஆனால் எல்லாருக்கும் அது எங்கே நிற்கிறது என்று தெரியும். அடிமாட்டு வியாபாரி அதன் நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். அவசரமே இல்லாத ஒரே ஆள் அந்தச் சந்தையில் அவன்தான்.

வந்த அன்றும் மறுநாளும் எத்தனையோ பேர் வந்தார்கள். துரையின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார்கள், உதட்டை விட்டுவிட்டுப் போனார்கள். மொட்டையைப் பார்த்தவர்கள் பல் வரைக்கும்கூடப் போகவில்லை. தரகர் மட்டும் விடவில்லை. தோளில் துண்டும் வாய் நிறைய வெற்றிலையுமாகத் திரிகிற மனிதர். இவளிடம் வந்து, மடத்துக்காரர் வருகிறார் தாயி, கரைக்கு மேலே குன்றில் இருக்கிற மடம், ஏரித் தண்ணீரைப் பீப்பாயில் மேலே இழுக்க ஒரு ஜோடி வேண்டும் என்கிறார், வயது பார்க்க மாட்டார், வாங்கின மாட்டைச் சாகிற வரைக்கும் வைத்திருப்பார்கள், செத்தால் மாலை போட்டுப் புதைப்பார்கள் என்றார்.

"நமக்கே அது கிடைக்காது தாயி. ஆனா ஜோடியா இருக்கணும். உன் வீட்டுக்காரரு அங்க நிக்கிறாரு, உன் கொழுந்தன் இங்க நிக்கிறான். இது ஜோடியா, சம்பந்தி சண்டையா?"

"நீங்க அவரக் கூட்டிட்டு வாங்க. ஜோடிய நான் சேத்து வைக்கிறேன்" என்றாள்.

அன்று காலையில் இளையவன் ஏரியில் முங்கிவிட்டு வந்திருந்தான். அந்த ஏரியில் முங்குகிறவர்கள் எதையாவது ஒன்றைத் தண்ணீரில் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது ஐதீகம். பிடித்த பண்டம், கெட்ட பழக்கம், எதுவானாலும். விட்டதை மறுபடி தொடக்கூடாது. மூத்தவன் முந்தின நாளே முங்கிப் பாகற்காயை விட்டுவிட்டு வந்தான். அவன் பிறந்ததிலிருந்தே பாகற்காய் தின்றதில்லை. சும்மாட்டுக்காரிக்கு முங்க நேரமே கிடைக்கவில்லை. மாட்டை யார் பார்ப்பது?

இளையவன் தலை துவட்டாமல் மொட்டையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நீ என்னத்தடா விட்ட? பீடியா?"

அவன் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "அந்த வார்த்தைய விட்டுட்டேன் அண்ணி."

"எந்த வார்த்தைய?"

"அதான். அன்னைக்கு அண்ணனச் சொன்னேன்ல."

இவள் வாக்கப்பட்டு வந்தபோது மூக்கொழுகிக்கொண்டு வாசலில் நின்ற பயல். இவள் கையால் சோறு தின்றவன். போய் அண்ணனிடம் சொல்லேன்டா என்றாள்.

"அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? நீயும் சொல்லாத. எனக்கும் ஏரிக்கும் உள்ளது." டீயை ஒரே மடக்கில் குடித்தான். "வாய் நாறுதுன்னு தோணிச்சு, விட்டுட்டேன். அவ்வளவுதான்."

இதில் மாட்டின் ஞாபகம் அவர்கள் இருவருக்கும் வரவில்லை. மொட்டை பக்கத்திலேயே நின்று வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

வெயில் ஏறியபோது மடத்துக்காரர் வந்தார். காவித் துண்டு போர்த்திய, ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். மாட்டின் பல்லைப் பார்க்கவில்லை. துரையின் நெற்றியில் கை வைத்தார், அப்படியே நடந்து வந்து மொட்டையின் முறிந்த கொம்பைத் தொட்டுப் பார்த்தார். வண்டியில் பூட்டி ஒரு நடை பார்த்துவிடலாமா என்று கேட்டார்.

சும்மாட்டுக்காரி புருஷனிடம் போய் துரையை அவிழ்க்கச் சொன்னாள். கொழுந்தனிடம் போய் மொட்டையை அவிழ்க்கச் சொன்னாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மாடுகளுக்கு அந்த ரோஷமெல்லாம் இல்லை. பக்கத்தில் வந்ததும் துரை தன் கழுத்தை மொட்டையின் கழுத்தில் தேய்த்தது. மொட்டை அதன் காதை நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. "பாத்தீங்களா சாமி, புருஷன் பொண்டாட்டி தோத்துரும்" என்றார் தரகர். அண்ணனும் தம்பியும் சிரிக்கவில்லை.

சந்தையில் இதற்கென்றே ஒரு வண்டி உண்டு. மணல் மூட்டை ஏற்றித் தயாராக நிற்கும். பூட்டினார்கள். யாரும் சொல்லாமலே மூத்தவன் ஏறி உட்கார்ந்தான், இளையவன் வலது சக்கரத்தை ஒட்டிப் போய் நின்றான். வண்டி நகர்ந்தது. கூட்டத்துக்கு நடுவில், ஒட்டகக் கால்களைச் சுற்றி, பலூன்காரனை விலக்கி, எண்ணெய் விட்ட மாதிரி போனது. சும்மாட்டுக்காரி வண்டிக்குப் பின்னாலேயே வேகமாக நடந்தாள். துரையும் மொட்டையும் ஒரே காலை ஒரே நேரத்தில் தூக்கி வைத்தன. பாகம் பிரித்த நாளிலிருந்து அவள் அந்த நடையைப் பார்க்கவில்லை. மடத்துக்காரர் தலையசைத்தார். பிறகு கையை நீட்டி ஏரிக்கரையைக் காட்டினார். எங்களுக்கு மேடு ஏற வேண்டும், அதில் ஒரு தடவை ஏற்றிக் காட்டுங்கள் என்றார்.

அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. இளையவனைப் பார்த்தாள். அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்கிறது. முகம் வெளுத்துப்போய் அவளைப் பார்த்தான்.

வண்டி கரைமேட்டில் பாதி ஏறியது. மொட்டை நின்றது.

"வா ராசா" என்றான் மூத்தவன். துரை இழுத்தது. மொட்டை நின்றது. நுகத்தடி கோணிக்கொண்டு திரும்பியது. மூத்தவன் தம்பியைப் பார்க்காமலே காத்திருந்தான். இந்த இடத்தில் அந்த வார்த்தை வரும், வண்டி ஏறும். வார்த்தை வரவில்லை.

இளையவன் மொட்டையின் முதுகைத் தட்டினான். "போ" என்றான். "போடா." திமிலைத் தடவினான். "போயேன்டா, நல்ல புள்ளல்ல."

கரையில் நின்று வேடிக்கை பார்த்த ஒருத்தன், மாடு ஓட்டுகிறானா, பெண் பார்க்க வந்திருக்கிறானா என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. மொட்டை திரும்பி இளையவனைப் பார்த்தது. அது காத்துக்கொண்டிருந்தது.

"வாயத் தச்சு வச்சிருக்கானா?" மூத்தவன் யாரிடம் என்றில்லாமல் கேட்டான். "வேணும்னே நிக்கிறான். யாவாரத்தக் கெடுக்கணும்னே வந்திருக்கான்."

இளையவன் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தில் தோளைக் கொடுத்தான். மணல் மூட்டை பின்பக்கம் சரிந்தது. வண்டி முதலில் ஒரு சாண் பின்னால் வந்தது, பிறகு ஒரு முழம். துரையின் முன்னங்கால் மடிந்தது. கீழே, வண்டிக்கு நேர் பின்னால், ஈரத்துணியோடு குளித்துவிட்டு வந்த பெண்கள் கூட்டம். இளையவனின் காலடியில் மண் சரிந்துகொண்டிருந்தது. சக்கரம் அவன் மேல் வருகிற மாதிரி இருந்தது.

சும்மாட்டுக்காரி அந்த வார்த்தையைச் சொன்னாள்.

சொன்னாள் என்றால், சூளையில் மேட்டுக்கு மேடு கேட்டுக் கேட்டுக் காதில் தழும்பேறிக் கிடந்த வார்த்தையை அடிவயிற்றிலிருந்து, அதே இழுப்போடு, அதே இடத்தில் அழுத்தி, ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி எறிந்தாள். அவள் வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை. மொட்டை குனிந்தது, ஒரு மூச்சு விட்டது, ஏறியது. துரை தடுமாறி எழுந்து கூடவே ஏறியது. வண்டி கரைமேல் போய் நின்றபோது மூத்தவன் கயிற்றைப் பிடித்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தான்.

ஈரத்துணிப் பெண்களில் ஒருத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். ஒலிபெருக்கிக்காரன் மட்டும், பச்சைச் சேலை அம்மாள் கிடைத்துவிட்டார், கிடாரி இன்னும் கிடைக்கவில்லை என்றான்.

மடத்துக்காரர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் வந்து, இந்த மாட்டுக்கு மேடு ஏற அந்த வார்த்தைதானா என்று கேட்டார். ஆமாம் சாமி என்றாள். வேறு ஏதாவது சொன்னால் கேட்காதா என்றார். அவள் பொய் சொல்ல நினைத்து, ஏரியைப் பார்த்துவிட்டு, இத்தனை வயதுக்கு மேல் கேட்காது சாமி என்றாள்.

"மாடு தங்கம்தாம்மா. ஆனா எங்க மடத்துல வண்டி ஓட்டுறது பாட்டும் பதிகமும் படிக்கிற பசங்க." அவர் உதட்டோரத்தில் சிரிப்பு வந்து போனது. "அவங்களுக்கு இத நான் எப்படிச் சொல்லிக் குடுக்கிறது, நீயே சொல்லு."

மொட்டையின் நெற்றியில் இன்னொரு தடவை கை வைத்துவிட்டு அவர் வேறு மாடு பார்க்கப் போனார். தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, இருபது வருசமாகத் தரகு பார்க்கிறேன், வாயால் கெட்ட மாட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று முனகிக்கொண்டே அவர் பின்னால் ஓடினார்.

வண்டியை அவிழ்த்துவிட்டு மூத்தவன் வெடித்தான். எப்போதும் வாயைத் திறந்தால் சாக்கடை, வேண்டிய நேரத்தில் ஊமை, அண்ணன் பிழைப்பில் மண்ணைப் போட இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா என்றெல்லாம் பேசினான். எல்லாவற்றையும் மாட்டைப் பார்த்தே பேசினான். இளையவன் தலையைக் குனிந்துகொண்டு மொட்டையின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளால் பொறுக்க முடியவில்லை.

"அவன் அதத் தண்ணியில விட்டுட்டு வந்திருக்கான்யா."

"என்னத்த?"

"எதுக்கு நீ அவன அடிச்சியோ, அந்த வார்த்தைய. காலைல முங்கி விட்டுட்டு வந்திருக்கான். உன்னைச் சொன்ன வாயின்னு."

"அண்ணி" என்றான் இளையவன், வேண்டாம் என்கிற மாதிரி.

மூத்தவன் திரும்பினான். முங்கியது முங்கியபடி சீவாமல் கிடந்த தம்பியின் தலையைப் பார்த்தான்.

"அதுக்குன்னு மாட்டுக்குமாடா விடுவாங்க, மடையா" என்றான். பாகம் பிரித்த பிறகு தம்பியிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. பேசிவிட்டு, தாகம் என்று சொல்லி எங்கேயோ போய்விட்டான்.

அவன் திரும்பி வந்தபோது கூட அடிமாட்டு வியாபாரி வந்தான். பன் தின்ற கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். மாட்டைச் சுற்றி வரவில்லை, தட்டிப் பார்க்கவில்லை, தூரத்திலேயே நின்று தலையிலிருந்து வால்வரை ஒரு பார்வை பார்த்தான். சந்தை கலைகிறது, இரண்டையும் திரும்ப ஓட்டிக்கொண்டு போய் என்ன செய்யப் போகிறீர்கள், தீவனம் போடப் போகிறீர்களா, சேர்த்தே கொடுத்தால் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன் என்றான். குரலில் இரக்கம்கூட இருந்தது.

மூத்தவன் தம்பியைப் பார்த்தான். "என்னடா சொல்ற?"

இளையவன் மூக்கை உறிஞ்சினான். "குடுத்துடலாம்ணே. வச்சு என்ன பண்றது?"

"அதான் நானும் நெனச்சேன்."

சும்மாட்டுக்காரி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த இரண்டு வாயும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கொள்ளாதா என்று அவள் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். ஒத்துக்கொண்டது இதற்கு. இருவர் முகத்திலும் சுமையை இறக்கி வைத்தவன் முகம்.

வியாபாரி தன் ஆளைக் கயிறு எடுத்துவர லாரிக்கு அனுப்பினான். மூத்தவன் துரையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்தான். இளையவன் மொட்டையின் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான். மாடு இரண்டும் வெறுங்கழுத்தோடு நின்றன. கயிறு தேய்த்துத் தேய்த்து முடி உதிர்ந்த தோல் வளையமாகத் தெரிந்தது. துரை கழுத்தை உதறிக்கொண்டது. என்ன செய்வதென்று தெரியாமல் மொட்டையின் பக்கம் ஒட்டி நின்றது.

வியாபாரியின் ஆள் தூரத்தில் கயிற்றுச் சுருளோடு வருவது தெரிந்தது.

அவள் பைக்குள் கையை விட்டாள். கொடிக்கயிற்றை எடுத்தாள். நல்ல நீளம். ஒரு முனையைத் துரையின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். மூத்தவன், அறுத்து இரண்டாக்க வேண்டுமென்றால் கத்தி தரட்டுமா என்று கேட்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அறுக்கவில்லை. மறுமுனையை மொட்டையின் கழுத்தில் கட்டினாள். நடுக்கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"ஏ, என்ன பண்ற?" என்றான் மூத்தவன்.

"கட்டிட்டேன்."

வியாபாரி சிரித்தான். என்ன தாயி விளையாட்டு, பேச்சு முடிந்துபோன மாடு என்றான். தரகர் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். அவரிடம் திரும்பி நியாயம் கேட்டான். தரகர் மாட்டின் கழுத்தைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உன் கயிறு எங்க?"

"இந்தா வருதுல்ல."

"வருது. இந்தத் தாயி கயிறு வந்துருச்சே. கட்டுனவங்க மாடுப்பா. இந்த மணல்ல நின்னுக்கிட்டு நான் வேற சொன்னா நாளைக்கு எவன் என்னைய நம்புவான்?"

வியாபாரி அவளை முறைத்தான். பிறகு, போகட்டும், இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த சந்தை, மாடு எங்கே போகப்போகிறது என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கே போய்விட்டான். அவனுக்கு அவசரமே இல்லை.

மூத்தவன் அவள் முழங்கையைப் பிடித்தான். "கிறுக்குப் பிடிச்சிருக்கா? காசு யாரு தர்றது?"

"கூலி போட்டுப் பாருங்க ரெண்டு பேரும். வாக்கப்பட்டு வந்ததுலேருந்து நான் செமந்தத. போட்டு, உங்களுக்கு மிச்சம் நின்னா சொல்லுங்க, நான் தர்றேன்." கையை உதறிக்கொண்டாள். "வண்டி உனக்குன்னீங்க, நுகத்தடி அவனுக்குன்னீங்க. தார்ப்பாயக் கிழிச்சீங்க. நானும் அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எனக்கு எதுன்னு ஒருத்தனும் கேக்கல."

"அண்ணி, நான் லோடு ஆட்டோ எடுக்கத்தான் போறேன்" என்றான் இளையவன். ஏன் அந்த நேரத்தில் அதைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"எடு. யாரு வேணான்னா? நான் சூளைக்கு வண்டி கட்டப் போறேன். உங்க அண்ணன் வண்டிய வாடகைக்கு எடுத்துக்கிறேன், உன் நுகத்தடிய வாடகைக்கு எடுத்துக்கிறேன். தராட்டிப் போங்க, வேற ஆள்கிட்ட வாங்கிக்கிறேன்."

"பொம்பள நீ வண்டி ஓட்டுவியா?" என்று மூத்தவன் கேட்டான். கேட்டுவிட்டு, கரைமேட்டைப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டான்.

அவள் நடக்க ஆரம்பித்தாள். துரை ஒரு பக்கம், மொட்டை ஒரு பக்கம், கயிறு அவள் கையில் தொங்கியது. தரகர் பின்னாலிருந்து, ஏரிக்கு வந்துவிட்டுச் சும்மா போகக்கூடாது தாயி, நீ எதை விட்டாய் என்று கேட்டார்.

"நான் இன்னும் முங்கல" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சாணத்தைக் கூடையில் அள்ளினார்கள். படிக்கட்டில் யாரோ தீபம் விட, அது காற்றுக்கு நிற்காமல் அல்லாடியது. அண்ணனும் தம்பியும் பின்னால் வந்தார்கள். சேர்ந்தும் வரவில்லை, விலகியும் வரவில்லை. அவிழ்த்த பழைய கயிறு ஒருவன் தோளிலும் ஒருவன் இடுப்பிலும் கிடந்தது. வேகமாக நடந்தால் அவளைப் பிடித்துவிடலாம், இருவரும் வேகமாக நடக்கவில்லை.

சந்தையை விட்டு வெளியே போக அந்தக் கரைமேட்டைத் தாண்ட வேண்டும். அடிவாரத்துக்கு வந்ததும் மொட்டை நின்றது.

கயிறு இறுகியது. துரையும் நின்றது. அவளும் நின்றாள். படிக்கட்டிலிருந்து திரும்புகிற கூட்டம் அவர்களைச் சுற்றிப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. கைக்குழந்தைகள், சொம்பில் ஏரித்தண்ணீர் கொண்டுபோகிறவர்கள், நெற்றி நிறைய விபூதி பூசியவர்கள். அவளைக் காலையில் பார்த்தவர்கள் சிலர் நின்றார்கள். வாயைத் திறந்தாள். சக்கரம் சரிகிறபோது தானாக வந்தது, இப்போது சும்மா நிற்கிறபோது வரவில்லை. முகம் சுட்டது.

இளையவன் பழக்க தோஷத்தில் மொட்டையின் வலப்பக்கம் வந்து நின்றுவிட்டான். உதடு அசைந்தது. இறுக மூடிக்கொண்டான். மொட்டை திரும்பி அவனைப் பார்த்தது.

மூத்தவன் இரண்டு பேரையும் பார்த்தான். முன்னால் வந்தான். துண்டை எடுத்து வாயைத் துடைத்தான். தொண்டையைச் செருமினான். பிறகு, சுடச்சுட எதையோ வாயில் போட்டுவிட்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திணறுகிறவன் மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு, அந்த வார்த்தையைச் சொன்னான். இழுப்பு சரியில்லை. அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தவில்லை.

மொட்டை காதை ஒரு தடவை ஆட்டியது. நகரவில்லை.

"அப்படி இல்லண்ணே" என்றான் இளையவன், மெதுவாக. "கடைசில இழுக்கணும்."

மூத்தவன் மறுபடி சொன்னான். கடைசியில் இழுத்தான்.

மொட்டை குனிந்து ஒரு மூச்சு விட்டது. காலை எடுத்து மேட்டில் வைத்தது.